இருட்டுப்பள்ளத்து வெயில்

மன்னவனூர்,
நவம்பர் 9

அன்பு மகள் தமிழ்மதிக்கு அப்பா வேலுச்சாமி எழுதிக்கொள்வது.

நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். இங்குள்ள நலம் உனக்குத் தெரியும் என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் கேளுங்கள், மற்றதெல்லாம் பிறகு எழுதலாம் என்று அடுப்பங்கரையிலிருந்து உன் அம்மா அதட்டுகிறாள். கேட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வைத்தாய். அதற்குப் பிறகு உன் எண் அணைந்தே கிடக்கிறது. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. வேறு வழியில்லாமல் தபால் ஆபீசில் போய் உறை கேட்டேன். வேலுச்சாமி யாருக்குக் காதல் கடிதம் எழுதுகிறார் என்று அங்கே ஒரே கேலி. நானும் சிரித்துவிட்டு வந்தேன். உன் அலுவலகத்துக்கு எழுதினால் வம்பு என்று தங்கியிருக்கும் விடுதிக்கு எழுதுகிறேன்.

உன் அத்தை விசாலாட்சிக்குத் தொடை எலும்பில் கம்பி வைத்துவிட்டார்கள். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். நடக்கச் சித்திரை ஆகும் என்கிறார்கள். வலியிலும் அவளுக்கு வாய் குறையவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரியிடம், "எம் மருமக பெங்களூருல மேப்பு போடுறா. எங்க ஊரு சோலார் வேலியே அவ மேப்ப வச்சுத்தான் போட்டாக" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அந்த வேலியை நம்பித்தானே ஊரே முறைக்காவலை விட்டது. வீட்டுக்கு ஓர் ஆள் என்று முறை வைத்து, தகரம் தட்டியும் பந்தம் காட்டியும் காட்டுமாட்டை விரட்டிய ஊர் இது. வேலி வந்ததும் எல்லாரும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டோம். அன்றைக்கு வெள்ளனே பீன்ஸ் பறிக்கப் போன அத்தைக்கு, பனி மஞ்சுக்குள் எதிரே நிற்பது பாறையா மாடா என்று தெரியவில்லை, கிட்டே போனதும் மாடு முட்டித் தள்ளிவிட்டது. வேலிக் கம்பியில் கரண்டே இல்லை. மாடு இரவே உள்ளே வந்து சாவகாசமாக கேரட் தின்றிருக்கிறது. விரட்ட ஆள் இல்லாமல் நின்றதும் கிளம்ப வழி தெரியாமல் நின்றதும் அதன் குற்றம் இல்லை.

நீ அழுகையோடு சொன்னதில் எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். தப்பாக இருந்தால் திருத்து. மலையின் ஒவ்வொரு சரிவிலும் ஒரு நாளைக்கு எவ்வளவு வெயில் விழுகிறது என்று உங்கள் கம்பெனியின் மேப்பு மென்பொருள் எண் போடுகிறது. எந்த மேட்டின் நிழல் எந்த நேரம் எங்கே விழும் என்பது வரை அது பார்க்கிறது. கீழ்மலைக்கான எண்கள் கிலோவாட் மணியில் வந்தன. நாம் இருக்கிற மேல்மலைக்கான எண்கள் மெகாஜூல் என்ற வேறு அளவில் வந்தன. மெகாஜூலை மூன்று புள்ளி ஆறால் வகுத்தால்தான் கிலோவாட் மணி ஆகும். மேல்மலையை நீ வகுக்காமலே கீழ்மலையோடு ஒட்டிவிட்டாய். கிலோவில் நிறுத்த பூண்டைச் சீட்டில் மூட்டை என்று எழுதியது போல. இவ்வளவுதானே?

இருட்டுப்பள்ளத்துக்கு மழை மாதத்தில் ஐந்து புள்ளி நான்கு என்று எண் வந்தது. திண்டுக்கல் பக்கம் தரையில் கிடைக்கிற வெயிலும் ஏறக்குறைய அதுதான் என்பதால் உன் கண்ணிலும் படவில்லை, உனக்கு மேலே இருந்தவர்கள் கண்ணிலும் படவில்லை. மேட்டுச் சரிவுகளில் பதினாலு, பதினைந்து என்று வந்த எண்களையாவது யாராவது பார்த்திருப்பார்கள். ஐந்துக்கு மேலே எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சள் நிறம் கொடுத்ததால் அதுவும் மறைந்துபோயிற்று என்றாய். உண்மையில் பள்ளத்தில் விழுவது ஒன்றரை.

தாயி, அந்த இடத்துக்கு ஊரார் வைத்த பெயரே இருட்டுப்பள்ளம். காலை பத்து மணி வரைக்கும் வெயில் எட்டிப் பார்க்காது. ஐப்பசி, கார்த்திகையில் பத்து மணிக்குப் பிறகும் பார்க்காது. அது தெரிந்த ஊரே அந்த மஞ்சளைப் பார்த்துத் தலையாட்டியது. "நம்ம பிள்ள போட்டது" என்று எல்லாருக்கும் அப்படி ஒரு பூரிப்பு. எங்கும் ஒரே வெயில்தான் என்று மேப்பு சொன்னதால், காற்றடிக்கிற மேட்டை விட்டுவிட்டு, காவல்காரர் வீட்டுப் பக்கத்தில் இருக்கட்டும் என்று பேனலையும் பேட்டரியையும் பள்ளத்திலேயே வைத்தார்கள்.

இனி நான் எழுதப்போவது உனக்குத் தெரியாத செய்தி. பேட்டரியைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரன் ராமர் மேல் பழியைப் போட்டுவிட்டார்கள். அவன் அந்தப் பேட்டரியில் தன் செல்போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தான். மழையில் வீட்டுக் கரண்டு போகும்போதெல்லாம் போடுவான், அதை மறைத்ததும் இல்லை. இப்போது வேலிக் கமிட்டித் தலைவர் சண்முகராஜ், "இவன் போன் பேசுனதுக்குத்தான் விசாலாட்சிக்குக் கால் போச்சு" என்று டீக்கடையில் வைத்தே சொல்கிறார். ராமர் ஆடலூர்க்காரன். பிழைக்க வந்தவனுக்குப் பரிந்து பேச இங்கே பங்காளி இல்லை. அவன் மனைவி பாண்டிச்செல்வி தண்ணீர் எடுக்கக்கூட ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வருகிறாள்.

போன் சார்ஜுக்குப் போகிற கரண்டு எறும்பு தின்ற அளவுதானே இருக்கும். அதையும், சரியான எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. கமிட்டி கூடும்போது நான் படித்துக் காட்டுகிறேன். என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. மெகாஜூல் என்று நான் வாயால் சொன்னால் அது ஏதோ டானிக்கின் பெயர் என்று நினைப்பார்கள்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுத வந்தேன். கொஞ்சம் இருக்கிறது. அதைவிடப் பயம் அதிகமாக இருக்கிறது. போனை எடு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா

*

மன்னவனூர்,
நவம்பர் 27

அன்பு மகளுக்கு,

உன் செய்தி அம்மாவின் போனுக்கு வந்தது. நீ உயிரோடும் உடம்போடும் இருக்கிறாய் என்பதே எங்களுக்குப் பாதிச் சோறு உள்ளே போன மாதிரி. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கப் பொறுமை இல்லை. நான் படித்துச் சொன்னேன். நடுவில் இரண்டு வரியை விட்டுவிட்டேன். நீ இரவெல்லாம் தூங்குவதில்லை என்ற வரியும் அதற்கு அடுத்த வரியும். அந்த அடுத்த வரியை நீ இனி யாருக்கும் எழுதாதே, நினைக்கவும் செய்யாதே. அத்தையின் கால் தேறிவிடும். நீ இல்லாமல் போனால் இங்கே எதுவும் தேறாது. உன்னோடு அறையில் இருக்கிற ஷர்மிளாவிடம் எல்லாவற்றையும் சொல். ராத்திரியில் தனியாக இருக்காதே.

எழுத்தில் எதையும் கொடுக்கக் கூடாது என்று உன் மேலாளர் சொல்லிவிட்டார் என்கிறாய். வெளியே தெரிந்தால் வேலை போகும், வழக்கு என்று வந்தால் கம்பெனி ஒதுங்கிக்கொண்டு உன் பெயரை முன்னால் தள்ளும் என்கிறாய். கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. வேண்டாம், விட்டுவிடு என்று எழுதவும் கை வரவில்லை. உன்னைப் படிக்க வைத்தபோது உனக்கு மேலே இத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் ஒருவர்கூட அந்த எண்ணைப் பார்க்கவில்லை. அதை மட்டும் சத்தமாகக் கேட்க வேண்டும் போல இருக்கிறது. ஆனால் அவர்கள் எந்த மாடியில் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

இங்கே மழை விட்டபாடில்லை. மஞ்சு வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. துவைத்த துணி காயவில்லை, விறகு பற்றவில்லை. பேட்டரியைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வந்து மாட்டினார்கள். ராமரைப் பக்கத்தில் விடாமல் பூட்டும் போட்டார்கள். இரண்டு நாள் கம்பி சுள்ளென்று இருந்தது. பிறகு பழையபடி செத்துவிட்டது. அப்போதாவது புரியும் என்று நான் நம்பினேன். பழைய பேட்டரி, ராமர் முன்னமே கெடுத்துவைத்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவன்தான் திருடன் என்று முடிவு செய்துவிட்ட பிறகு, பூட்டுகூட அவனுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது.

முறைக்காவலை மறுபடி தொடங்குவோம் என்று கேட்டுப் பார்த்தேன். வேலி இருக்கும்போது எதற்கு என்கிறார்கள். அதனால் நான் மட்டும் தகர டப்பாவை எடுத்துக்கொண்டு பொழுது சாய்ந்ததும் பள்ளத்து வரப்பில் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன். இந்த வயதில் தகரம் தட்ட வெட்கமாகத்தான் இருக்கிறது. நாய்கள் மட்டும் மரியாதையாகக் கூட வருகின்றன.

நேற்று ராமரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தப்பு அவன் மேல் இல்லை, மேப்பில் எண் மாறிவிட்டது, போட்டது என் மகள் என்று சொன்னேன். அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "போன்ல சார்ஜ் போட்டது நெசந்தானுங்களே. அன்னைக்கு ராத்திரியும் போட்டேனுங்க. நாந்தான் இழுத்துட்டேனோன்னு எனக்கே சந்தேகமா கெடக்கு" என்றான். எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். "பாப்பா படிச்ச பிள்ள, அது கணக்கு எப்புடிங்க தப்பும்? எனக்காக நீங்க சொல்றீக" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

அத்தையின் காலை முறித்தது தானேதான் என்று அவன் நம்பத் தொடங்கிவிட்டான், தமிழ்மதி. ஊர் நம்புவதை நான் எப்படியாவது தாங்கிக்கொள்வேன். அவனே நம்புவதை என்னால் தாங்க முடியவில்லை.

நீ தாள் அனுப்ப வேண்டாம். உன் வேலையைப் பறிக்க நான் கேட்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது. நானே எழுந்து நின்று சொல்லிவிடப் போகிறேன். உன் அம்மா வேண்டாம் என்கிறாள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் ஊர் வாயில் போட்டு மெல்லக் கொடுப்பீர்களா என்று கேட்டுவிட்டு முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

நீ வேண்டாம் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் போன் செய். செய்யாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன். நீ செய்ய மாட்டாய் என்றும் எனக்குத் தெரியும்.

ராத்திரி வெந்நீரில் காலை வைத்துவிட்டுப் படு. தூக்கம் வரும்.

அன்புடன்,
அப்பா

*

மன்னவனூர்,
டிசம்பர் 21

என் கண்ணான மகள் தமிழ்மதிக்கு,

நீ போன் செய்யவில்லை. நான் சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம். ஊரே வந்திருந்தது. ராமர் ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். நான் எழுந்து, வேலி செத்ததற்குக் காரணம் ராமர் இல்லை, என் மகள் போட்ட மேப்பில் அளவு மாறிப்போனதுதான் காரணம் என்று முதல் வரியிலேயே சொன்னேன். கிலோ, மூட்டை என்று நான் யோசித்து வைத்திருந்த உதாரணத்தையும் சொன்னேன். இருட்டுப்பள்ளத்தில் திண்டுக்கல் வெயில் அடிக்குமா, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டேன். முன்வரிசையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். புரிந்துவிட்டது என்று நினைத்து என் கண் கலங்கிவிட்டது. அதுதான் நான் செய்த காரியத்தைக் கெடுத்தது.

சண்முகராஜ் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "அண்ணே, ஒங்களுக்கு எரக்க சுபாவம்னு ஊருக்கே தெரியும். அதுக்காகப் பெத்த பிள்ளையவா காட்டிக் குடுப்பாக? நம்ம ஊருல மொத மொத படிச்சுப் போன பிள்ள. அது மேல நீங்களே பழி சொன்னா நாங்க கேட்டுக்கிட்டு இருப்பமா?" என்றார். கை தட்டினார்கள், தாயி. என் மகளுக்காக என்னை எதிர்த்துக் கை தட்டினார்கள். நான் உன்னைக் குற்றம் சொல்ல, ஊர் உனக்காக வாதாடுகிறது. இதற்கு மேல் எந்தத் தகப்பன் என்ன பேசுவான்?

பின்வரிசையிலிருந்து ஒருவன் மெகாஜூல் என்றால் என்ன சித்தப்பா என்று கேட்டான். நான் விளக்க ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே தடுமாறிவிட்டது. வகுப்பதா பெருக்குவதா என்று ஒரு நொடி குழம்பிவிட்டேன். சிரித்துவிட்டார்கள். கெட்ட மனதோடு சிரிக்கவில்லை, பாசத்தோடுதான் சிரித்தார்கள். அது இன்னும் மோசம்.

திண்டுக்கல்லுக்குப் போய் உன் அத்தையிடமும் சொன்னேன். அவள் சொன்னால் ஊர் கேட்கும் அல்லவா. "ஏலே வேலு, எம் மருமக போட்ட கணக்கு தப்பாகுமாடா? அந்தப் பய ஒன்கிட்ட என்னத்தச் சொல்லி அழுதான்?" என்று என்மேல் பாய்ந்தாள். அவள் தலைமாட்டில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம் இருந்தது. ராமர் ஆடலூரிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் கட்டிலைத் தொட்டுக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனானாம். "பாத்தியா, அவனே ஒத்துக்கிட்டான்" என்றாள்.

ஆம், ராமர் குடும்பம் போய்விட்டது. யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. காவல்காரர் அறையைக் காலி செய்து கொடு என்றார்கள், கொடுத்துவிட்டான். சட்டி பானையோடு அவர்கள் பஸ் ஏறிய அன்று நான்தான் மூட்டையைத் தூக்கி வைத்தேன். பாண்டிச்செல்வி என்னிடம், "நெசமாவே இவுக மேல தப்பு இல்லீங்களா?" என்று கேட்டாள். இல்லை தாயி என்றேன். "அப்ப அத வேற யாராச்சும் சொன்னா நல்லாருக்குமுங்க. நீங்க சொன்னா இவுகளே நம்ப மாட்டேங்காக" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது. அவன் இப்போது மிளகுத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறான். செல்போனை விற்றுவிட்டானாம். கையில் இருந்தால் மனசு உறுத்துகிறது என்று சொன்னானாம்.

வேலியின் பேனல் இன்னும் பள்ளத்திலேயே கிடக்கிறது. பேனலை மேட்டுக்கு மாற்றினால் ஒரே நாளில் தீர்கிற வேலை. அதைவிட்டு, மேற்குச் சரிவுக்கும் ஒரு வேலி போடத் தீர்மானித்துவிட்டார்கள். புதிதாக அளக்க வேண்டியதில்லை, தமிழ்மதி மேப்பே போதும் என்று ஒரே குரலில் சொன்னார்கள். அந்தச் சரிவில் யார் யார் வெள்ளனே வேலைக்குப் போவார்கள் என்று உனக்குத் தெரியும். உன்னோடு படித்த மகாதேவி போவாள். அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது.

என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன், மகளே. என் பேச்சு இந்த ஊரில் இதற்கு மேல் செல்லாது. ஊர் கேட்கிற பேச்சு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது உன்னுடையது. ராமருக்கும் உன் வாயால் கேட்டால்தான் மனசு ஆறும்.

வேலை போய்விடுமே என்று நீ கேட்பாய். போகலாம். போகாது என்று பொய் சொல்ல மாட்டேன். வழக்கும் வரலாம். நான் ஒரு பூண்டுக்காரன், உன்னைக் கம்பெனியிடமிருந்து காப்பாற்ற என் கையில் ஒன்றும் இல்லை. இந்த வீடு இருக்கிறது, அம்மா இருக்கிறாள், நான் இருக்கிறேன். உன்னை உட்கார வைத்துச் சோறு போட எங்களுக்குத் தெம்பு இருக்கிறது. ஊர் ஏசினால் மூன்று பேருமாகச் சேர்ந்து கேட்டுக்கொள்வோம். அம்மாவும் இப்போது இதைத்தான் சொல்கிறாள். மாப்பிள்ளைப் பேச்சை அவளே நிறுத்திவிட்டாள்.

பொங்கலுக்கு வந்துவிடு. கொடைக்கானல் வரைக்கும் வந்து நின்று போன் செய், நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வந்து இறங்கியதும் திகைத்துப்போவாய். மாட்டுப்பொங்கல் அன்று பள்ளிக்கூட மைதானத்தில், வேலிக்கு மேப்பு போட்டவள் என்று உனக்கு ஊர் சார்பில் மரியாதை செய்யப்போகிறார்கள். மைக்செட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. அத்தையை வண்டி வைத்து அழைத்து வருகிறார்களாம், அவள் கையால்தான் மாலை போட வேண்டும் என்று பிடிவாதம். வேண்டாம் என்று யார் யாரிடமோ கெஞ்சிவிட்டேன். தடுக்க முடியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை என்று நினைக்கிறார்கள்.

நான் மேடையில் உன் பக்கத்தில் நிற்பேன். உனக்குக் குரல் நடுங்கினால் என் கையைப் பிடித்துக்கொள். பழனியாண்டவர் உன் நாவில் இருக்கட்டும். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், தாயி. மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு சொல்லாதே. உன் அத்தை அதைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிடு.

என்றும் உன்,
அப்பா